முகூர்த்தப் பட்டுக்கு ஏற்ற லென்ஸ் எது?

முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வருகிற குடும்பம் காந்தி ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கும். அரக்கா, மாம்பழ மஞ்சளா, கரை எவ்வளவு அகலம், முந்தியில் என்ன புட்டா, சரிகை சுத்தமானதா என்று பொழுது சாயும்வரை பேச்சு நடக்கும். அப்படித் தேடி எடுத்த புடவை நாற்பது வருஷம் கழித்து ஆல்பத்தில் அதே நிறத்தோடும் நெசவோடும் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைத் தீர்மானிப்பதில் படக்காரரின் லென்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

கல்யாணத்துக்கு எந்த லென்ஸ் என்று தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் மூன்று விதமான பதில் வரும். 24–70, 70–200 என்று எஃப் 2.8 ஜூம் இரண்டு போதும் என்பார் ஒருவர். 35, 85 மி.மீ. பிரைம் இரண்டையும் இரண்டு பாடியில் மாட்டிக்கொண்டு போவேன் என்பார் இன்னொருவர். டாம்ரான் 2021இல் கொண்டுவந்த 35–150 மி.மீ. போன்ற ஒரே லென்ஸில் முழுக் கல்யாணத்தையும் முடிப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் மூன்று தரப்பும் லென்ஸின் மதிப்பை அளக்கும்போது, பின்புலம் எவ்வளவு கரைகிறது என்பதையே முதலில் பார்க்கின்றன. காஞ்சிபுரம் போன்ற ஊரில் இந்த அளவுகோல் தவறானது என்பது என் முடிவு. எவ்வளவு தூரத்தில் நிற்க முடிகிறது, அங்கிருந்து புடவையும் உறவும் எப்படித் தெரிகின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பின்புலம் கரையும் மோகம் புதிது. வேகமான லென்ஸ் மட்டும் பழையது. 1840இல் வியன்னாவில் ஜோசஃப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் உருவப்படத்துக்கென்றே கணக்குப் போட்டு ஒரு லென்ஸை வடிவமைத்தார். அதன் திறப்பு ஏறத்தாழ எஃப் 3.6. நிமிடக்கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டிய அவதி அதனால் பெரிதும் குறைந்தது. சென்னையில் 1856இலேயே புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள் பெருகியபின், தாலி கட்டி முடித்த மணமக்கள் மாலையும் கழுத்துமாக ஸ்டூடியோவுக்குப் போய் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகத் தேடிச் சேகரித்து எண்மமாக்கியிருக்கிறது. பிறகு படக்காரர் மண்டபத்துக்கே வந்தார். அவர் கழுத்தில் பெரும்பாலும் யாஷிகா மேட் மாதிரியான இரட்டை லென்ஸ் கேமரா தொங்கும். 80 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ், ஒரு ஃபிலிம் சுருளுக்கு 12 படம். சதுர ஃபிலிமில் 80 என்பது இன்றைய முழுச்சட்டகக் கேமராவில் 50 மி.மீ. போலப் பார்க்கும். ஃபிளாஷ் அடித்து, திறப்பை நன்றாகச் சுருக்கி எடுத்த படங்கள் அவை. முகத்தில் வெளிச்சம் தட்டையாக விழுந்திருக்கும், சுவரில் நிழல் விழுந்திருக்கும். ஆனாலும் முந்தியின் கட்டமும் கரையின் ருத்ராட்சமும் ஒன்றுவிடாமல் தெரியும். பின்னால் நிற்கும் பெரியப்பாவின் முகமும் தெரியும்.

2005இல் வந்த கேனான் 5டி முழுச்சட்டக சென்சாரைச் சாதாரணப் படக்காரரின் கைக்கு எட்டவைத்தது. 2007இல் வந்த நிகான் டி3, ஐஎஸ்ஓ 6400 வரை துணிந்து போகலாம் என்று காட்டியது. அடுத்து வந்த கேண்டிட் அலையில் எஃப் 1.4 லென்ஸ் ஒரு கௌரவச் சின்னமானது. இதில் ஒரு முரண் இருக்கிறது. சென்சார் இருட்டில் நன்றாக வேலை செய்யத் தொடங்கியபின் அகலத் திறப்பின் தேவை குறைந்திருக்க வேண்டும். தேவை குறைந்த அதே காலத்தில்தான் ஆசை கூடியது.

மணவரையில் நின்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். எதிரே வாத்தியார், நடுவில் ஹோம குண்டம், இருபக்கமும் பெற்றோர், பின்னால் நாத்தனாரும் தோழிகளும், பக்கத்தில் வீடியோக்காரரும் அவருடைய லைட் பிடிக்கும் பையனும். போட்டோ எடுப்பவருக்கு மிஞ்சுவது ஒன்றரை மீட்டர், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு மீட்டர். முழுச்சட்டகக் கேமராவைப் படுக்கவாட்டில் பிடித்தால், இரண்டு மீட்டர் தொலைவில் 24 மி.மீ. லென்ஸ் 3 மீட்டர் அகலத்தைக் காட்டும். 35 மி.மீ. ஏறக்குறைய 2 மீட்டர், 50 மி.மீ. ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 85 மி.மீ. வெறும் 85 சென்டிமீட்டர். மணமக்கள் இருவரும், கன்னிகாதானத்தில் தாரை வார்க்கும் பெற்றோரும் சேர்ந்து வர வேண்டுமானால் 24க்கும் 35க்கும் நடுவில்தான் வழி இருக்கிறது. 85ஐ மாட்டிக்கொண்டு மேடை ஏறியவருக்கு ஒரு முகம் கிடைக்கும், கல்யாணம் கிடைக்காது.

தாலி கட்டும் நேரம் இன்னும் கறாரானது. கெட்டிமேளம் தொடங்கி மூன்றாம் முடிச்சு விழுவதற்குள் ஒரு நிமிடம்கூட ஆகாது. மாப்பிள்ளையின் விரல்கள், பெண்ணின் முகம், பின்னாலிருந்து முடிச்சுப் போடும் நாத்தனாரின் கை என மூன்றும் மூன்று ஆழத்தில் இருக்கும். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4இல் திறந்து இரண்டு மீட்டரில் நின்றால் கூர்மையாகத் தெரியும் ஆழம் நாலரை சென்டிமீட்டர்தான். பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் விழுந்தால் தாலி மங்கிவிடும். தாலியில் விழுந்தால் கண் போய்விடும். 35 மி.மீ. லென்ஸை எஃப் 4க்குச் சுருக்கி ஒன்றரை மீட்டரில் எடுத்தால் ஆழம் 40 சென்டிமீட்டரைத் தாண்டும். மூன்றும் அதற்குள் அடங்கும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் எவ்வளவு முன்னேறினாலும், பெண் தலை குனிந்திருக்க, அட்சதை பறக்க, நடுவில் ஒரு கை குறுக்கிடும்போது இந்த 40 சென்டிமீட்டர்தான் காப்பாற்றும்.

பின்னால் தண்ணீர் பாட்டிலும் வயரும் பிளாஸ்டிக் நாற்காலியும் தெரிகின்றனவே, அவற்றைக் கரைக்கத்தானே எஃப் 1.4 என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டிலைக் கரைக்கிற லென்ஸ் பாட்டியையும் கரைத்துவிடும். முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் முன்பே மேடை ஏறி, பாட்டிலை நகர்த்தச் சொல்லி, அரை அடி இடம் மாறி நின்றால் பாட்டில் போகும், பாட்டி இருப்பார்.

மேடைக்குக் கீழே இன்னொருவர் 70–200உடன் நிற்பது வீண் செலவல்ல. பத்து மீட்டர் தள்ளி நின்றால் 70 மி.மீ.யில் 5 மீட்டர் மணவரை முழுதாக வரும், 200 மி.மீ.யில் இருவர் மட்டும் வருவார்கள். பெண்ணின் அப்பா கண்ணைத் துடைப்பதை இந்தத் தூரத்திலிருந்து எடுப்பதே மரியாதை. அருகில் போய் லென்ஸை நீட்டினால் அவர் கையை எடுத்துவிடுவார். வழியை மறிக்கும் வீடியோக்காரரின் முதுகுதான் இங்கே பெரிய தடை. அதற்கு மருந்து லென்ஸில் இல்லை. நடுவழியை விட்டுப் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு ஏறி நின்றால் தீரும்.

இனி பட்டு. மற்ற ஊர்களின் லென்ஸ் ஆலோசனைகள் அப்படியே பொருந்தாமல் போவது இங்கேதான்.

காஞ்சிப் பட்டின் சரிகை, பட்டு இழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதன்மேல் தங்க முலாம் ஏற்றியது; சூரத்திலிருந்து வருகிறது. தட்டையான உலோகம் என்பதால் ஒவ்வொரு சுற்றும் ஒரு பொடிக் கண்ணாடி. ஒளி எந்தக் கோணத்தில் வந்ததோ அதற்கு எதிர்க்கோணத்தில் மட்டும் பளிச்சென்று திருப்பி அனுப்பும். கேமராவின் தலையில் மாட்டிய ஃபிளாஷை நேராக அடித்தால் ஒளி போன வழியே திரும்பும். அகலக் கரை வெள்ளைப் பட்டையாக வெளுத்து, அதிலுள்ள மயிலும் தாழம்பூ ரேக்கும் காணாமல் போகும். போலரைசர் ஃபில்டர் போட்டால் தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள். உலோகத்தின் பிரதிபலிப்பை அது வெட்டாது. பட்டின் மினுமினுப்பை மட்டும் குறைத்து, சரிகையைக் கூசவே விட்டுவிடும். கூடவே உள்ளே வரும் ஒளியில் பாதிக்கு மேல் தின்றுவிடும். மணப்பெண்ணை எடுக்கும்போது அதைக் கழற்றி வைப்பதே நல்லது. ஃபிளாஷைக் கூரைக்கோ பக்கச் சுவருக்கோ திருப்பினால் ஒளி அகலமாகி இறங்கும், சரிகை தங்கமாகத் தெரியும். கூரை வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ரோஸ் நிறக் கூரை பட்டுக்கும் ரோஸ் ஏற்றிவிடும்.

இரட்டை நிறப் பட்டு இன்னும் நுட்பமானது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மயில் கழுத்துப் புடவையைக் கையில் எடுத்துச் சாய்த்தால் நீலமும் பச்சையும் மாறி மாறி வருவது இதனால்தான். பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாறும். 24 மி.மீ. லென்ஸ் படுக்கவாட்டில் ஏறக்குறைய 74 பாகைக் கோணத்தைப் படத்துக்குள் அடக்குகிறது. ஒரே படத்தில் புடவையின் ஒரு பக்கத்தை நேராகவும் மறுபக்கத்தை மிகச் சாய்வாகவும் பார்க்கிறது. தோளில் நீலமாக இருக்கும் புடவை கொசுவத்தில் பச்சையாகிவிடும். 85 மி.மீ.க்கு அந்தக் கோணம் 24 பாகைதான்; புடவை முழுவதும் ஏறத்தாழ ஒரே சாய்வில் தெரிவதால் நிறம் ஒத்து வரும். ஆகவே பெண்ணை முழு உயரத்தில், புடவைக்காகவே எடுக்கும் படத்துக்கு 85தான் என் தேர்வு. கேமராவை நிமிர்த்திப் பிடித்து ஐந்து மீட்டர் பின்னால் போனால் 2.1 மீட்டர் உயரம் அடங்கும். கொண்டையிலிருந்து மெட்டி வரை வந்துவிடும். ஐந்து மீட்டர் இல்லாத மணமகள் அறையில் 50 போதும். அதற்குக் கீழே இறங்கக் கூடாது. இந்தப் படத்தை எஃப் 1.4இல் எடுப்பதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எஃப் 5.6க்குச் சுருக்கினால்தான் முந்தியும் கொசுவமும் ஒருசேரக் கூர்மையாகும். கோர்வையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் நெய்யப்பட்டு ஒன்றோடொன்று பிணைகின்றன. ஒரு தறியில் இருவர் சேர்ந்து செய்கிற வேலை அது. பிள்ளையார்பாளையத்தில் தறி மேல் பல நாள் குனிந்து போட்ட அந்தப் பிணைப்புக் கோட்டை மங்கலாக்கிவிட்டு அதற்கு அழகு என்று பேர் வைப்பது வருத்தமாக இருக்கிறது.

வைரஊசி என்ற மெல்லிய கோடுகள் ஓடும் புடவைக்கு வேறொரு சிக்கல் உண்டு. கோடுகளின் இடைவெளி சென்சாரின் இரண்டு பிக்சல் அளவை நெருங்கினால், இல்லாத வானவில் அலைகள் துணியில் தோன்றும். இதை முவாரே என்கிறார்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் நீளவாட்டில் 6000 பிக்சல். தனிப்படத்தில் அந்த 6000 பிக்சலுக்குள் வருவது 2.1 மீட்டர், இரண்டு பிக்சல் என்பது துணியில் 0.7 மி.மீ. மட்டுமே. குடும்பப் படத்தில் 5 மீட்டர் அகலம் வருகிறது. இரண்டு பிக்சல் 1.7 மி.மீ. ஆகிவிடும். தனிப்படத்தில் ஒழுங்காக இருந்த அத்தையின் புடவை குரூப் போட்டோவில் மட்டும் அலையடிப்பது இதனால்தான். லென்ஸ் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு அதிகமாக அலையடிக்கும் என்பது விலை உயர்ந்த லென்ஸ் வாங்கியவர்களுக்குக் கசப்பான செய்தி. ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்து எடுப்பது, எஃப் 16 வரை சுருக்கிக் கூர்மையைச் சற்று மழுக்குவது, 45 மெகாபிக்சல் பாடிக்கு மாறுவது என்று வழிகள் இருக்கின்றன. முதல் வழிக்குச் செலவில்லை.

அரக்குப் பட்டின் பிரச்சினை லென்ஸோடு நிற்பதில்லை. மஞ்சள் விளக்கின் கீழ் ஆழ்ந்த சிவப்பு, சென்சாரின் சிவப்புச் சேனலை மட்டும் நிரப்பி வழியச் செய்துவிடும்; மொத்த வெளிச்ச வரைபடம் சரியாக இருப்பதுபோலவே காட்டும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி வரைபடத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, சிவப்பு வழிந்தால் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும்.

மண்டப விளக்குக்கு வருவோம். எல்இடி சுவர், அலங்கார மஞ்சள் பல்புகள், வீடியோ லைட், ஜன்னல் வழி வரும் விடியல் எல்லாம் ஒன்றாகக் கலக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் வினாடிக்கு 100 முறை சிமிட்டும். ஷட்டரை 1/500க்கு ஏற்றினால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். ஆகவே பல மண்டபங்களில் 1/100ஐ விட்டு மேலே போக முடிவதில்லை. 1/100இல், ஐஎஸ்ஓ 3200இல், எஃப் 2.8 பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. எஃப் 1.4 அதைவிட நான்கு மடங்கு ஒளி தரும் என்பது உண்மை. அந்த நான்கு மடங்கு தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன: பொழுது புலராத நேரத்து ஊஞ்சல், குத்துவிளக்கு மட்டும் எரியும் நலங்கு, கோயில்.

காஞ்சிபுரத்தில் கோயிலைத் தவிர்த்துக் கல்யாண வேலை கிடையாது. கோயிலில் தாலி கட்டி மண்டபத்தில் வரவேற்பு வைப்பவர்களும் உண்டு. கல்யாணம் முடிந்து அவுட்டோர் படத்துக்கு வருகிறவர்களும் உண்டு. கருவறைப் பக்கம் கேமரா கூடாது. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் கோயில்களில் கைபேசிக்கே தடை விதிக்கச் சொன்னபின் கெடுபிடி கூடியிருக்கிறது. அனுமதி வாங்கியபின்னும், பெரிய ஜூமும் ஃபிளாஷும் அர்ச்சகரையும் வரிசையில் நிற்பவரையும் தொந்தரவு செய்யும். 35 மி.மீ. எஃப் 1.8 மாதிரி சிறிய பிரைம் அங்கே சரியான கருவி. கையடக்கமாக இருக்கும், எண்ணெய் விளக்கின் ஒளியே போதும்.

கைலாசநாதர் கோயில் வேறு வகை. ராஜசிம்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மணற்கல் கோயில், தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பது. முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும். எனவே கையில் பிடித்தே எடுக்கக்கூடிய எடை வேண்டும். கிழக்கு பார்த்த கோயில் என்பதால் காலை வெயிலில் கல் பொன்னிறமாகும், பட்டோடு ஒத்துப் போகும். திருச்சுற்றில் வரிசையாக இருக்கும் சின்னச் சன்னதிகளுக்கு முன் இடம் குறுகல். 35 அங்கேயும் உதவும். ஏகாம்பரநாதர் கோயிலில் நிலைமை தலைகீழ். கிருஷ்ணதேவராயர் 1509இல் கட்டிய ராஜகோபுரம் 59 மீட்டர் உயரம். அருகில் நின்று 16 மி.மீ. லென்ஸை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் இருக்கும், மணமக்களின் கால் பெருத்துத் தலை சிறுத்துவிடும். சன்னதித் தெருவில் நூற்றைம்பது மீட்டர் பின்வாங்கி 85ஐ நிமிர்த்திப் பிடித்தால் கோபுரம் ஏறக்குறைய நேராக நிற்கும். மணமக்களை இருபது மீட்டரில் நிறுத்திவிட்டால் அவர்களும் முழுதாக வருவார்கள். தெருவில் ஆட்டோவும் வண்டியும் வராத விடியற்காலையில்தான் இது நடக்கும்.

குடும்பப் படத்தை 24இல் எடுத்து ஓரத்தில் நிற்கும் சித்தியின் முகத்தை அகலமாக்குவது நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. 35க்குக் கீழே போகாமல், இரண்டு வரிசை என்றால் எஃப் 5.6 அல்லது 8 வைத்து எடுக்கலாம். தாலி, மெட்டி, மருதாணி ஆகியவற்றின் நெருக்கப் படங்களுக்கு 100 மி.மீ. மேக்ரோ அருமையானதுதான், ஆனால் நாளில் கால் மணி நேர வேலைக்கு அவ்வளவு பணமா என்று யோசிக்கலாம். 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 12 மி.மீ. நீட்டிப்புக் குழாய் ஒன்றைச் செருகினாலே உருவம் சென்சாரில் கால் அளவு வரை வரும். டாம்ரானின் 28–75 இரண்டாம் பதிப்பு 28 மி.மீ.யில் 18 சென்டிமீட்டர் வரை நெருங்கும்.

வாங்கும் வரிசையில் என் கருத்து வழக்கத்துக்கு மாறானது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர் முதலில் எஃப் 2.8 நடுத்தர ஜூம் ஒன்று வாங்கட்டும். சோனி, நிகான், கேனான் தங்கள் பெயரில் விற்பவை பெரும்பாலும் ஒரு லட்சத்தைத் தாண்டும். டாம்ரான், சிக்மா அதைவிடக் கணிசமாகக் குறைவு, கல்யாண ஆல்பத்தில் வித்தியாசம் தெரியாது. இரண்டாவதாகத் தலை திரும்பும் நல்ல ஃபிளாஷ். மூன்றாவதுதான் 85 மி.மீ.; எஃப் 1.8 போதும், 1.4க்குத் தரும் கூடுதல் பணம் இந்த ஊர் வேலைக்குத் திரும்ப வராது. 70–200ஐ முகூர்த்த நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் சும்மா இருக்கும் லென்ஸுக்கு மாதத் தவணை கட்டுவது சிறிய ஸ்டூடியோக்களைத் தின்கிறது. ஏபிஎஸ்-சி பாடி வைத்திருப்பவர்கள் எல்லா எண்ணையும் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும், கேனான் என்றால் 1.6ஆல். அவர்களுடைய 50, ஏறக்குறைய 75 அல்லது 80 ஆகிவிடும். மணவரைக்கு 17–50 மாதிரியான ஜூம் வேண்டும்.

எடையையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியலுக்கு முன் எழுந்து முகூர்த்தம் என்று கழுத்தில் தொங்குவது அது. கேனானின் 28–70 எஃப் 2 லென்ஸ் மட்டும் 1430 கிராம். சோனியின் இரண்டாம் பதிப்பு 24–70 எஃப் 2.8, 695 கிராம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கும் படங்களின் தரத்தில் இந்த 700 கிராம் தெரியும்.

ஹோமப் புகையில் நெய்ப்பசை முன் கண்ணாடியில் படியும். அதன்மேல் வீடியோ லைட் எதிரே அடித்தால் படம் முழுக்கப் பால்போல வெளுக்கும். சாதாரணக் கண்ணாடி ஃபில்டர் ஒன்றும் மைக்ரோஃபைபர் துணியும் சட்டைப் பையில் இருக்கட்டும். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த லென்ஸ், புழுக்கமான முற்றத்தில் ஆவி பிடித்துக்கொள்ளும். முகூர்த்தத்துக்கு அரை மணி முன்பே பையைத் திறந்து வெளியே வைத்துவிட வேண்டும். ஐப்பசி மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் இல்லாத பையில் கிடக்கும் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். அதைச் சுத்தம் செய்யும் கூலியில் இன்னொரு 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கிவிடலாம்.

லென்ஸ் வாங்குவதற்கு முன் கடைக்காரர் காட்டும் மாதிரிப் படத்தை நம்ப வேண்டாம். வீட்டில் அம்மாவின் வைரஊசிப் பட்டு ஒன்று நிச்சயம் இருக்கும். அதைக் கொடியில் விரித்துப் போட்டு, ஐந்து மீட்டரில் ஒரு தடவை, பத்து மீட்டரில் ஒரு தடவை, எஃப் 2.8, 5.6, 11, 16 என்று ஒவ்வொரு திறப்பிலும் எடுங்கள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம், டியூப் லைட்டில் கொஞ்சம். பெரிய திரையில் போட்டுக் கரையும் உடலும் சேரும் கோட்டைப் பாருங்கள், நிறத்தைப் புடவையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகைக்கு எடுத்த லென்ஸாக இருந்தாலும், முகூர்த்தத்துக்கு முந்தின நாளே இதை முடித்துவிடலாம்.